முனைக்காணிக்கு வந்த துவக்குகள்

நல்லரத்தினத்துக்குப் பறவைகளோடு சண்டை தொடங்கியது ஆறு வயதில். அந்த வயதில்தான் தகப்பன் அவருடைய கையில் ஒரு பால்மாத் தகரப் பேணியையும் அதைத் தட்டத் தடியையும் கொடுத்து, "கதிரில ஒண்டு குந்தினாலும் உனக்கு அடி" என்று சொல்லி வட்டைக்குள் இறக்கிவிட்டார். வட்டை என்றால் கண்ணுக்கெட்டியவரை வயல். அதன் நடுவில் நாலு கம்பு நட்டுக் கட்டிய பரண். விடியுமுன் அதில் ஏறினால் பொழுது பட்டுத்தான் இறங்குவார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் வானத்தில் போகிற கூட்டம் எங்கே இறங்கும் என்று சொல்வதில் பழுகாமத்துக்குத் தெற்கே அவரை வெல்ல ஆளில்லை. சிறகுச் சத்தத்தை மட்டும் கேட்டு, கிளுவை என்கிற காட்டு வாத்தா, நாரையா, உள்ளானா என்று சொல்லிவிடுவார். இந்தக் கெட்டித்தனத்தால் ஐம்பத்தெட்டு வயது வரை அவருக்கு ஒரு பிரயோசனமும் வந்ததில்லை. வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

இருபத்தேழு வயதில் இலட்சுமிப்பிள்ளையைக் கட்டி, ஊர் வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கே குடிவந்தார். வீட்டோடு வந்ததுதான் முனைக்காணி. நாவல்முனையில் நிலம் வாவிக்குள் மூக்கை நீட்டுகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர். இலட்சுமிப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை தனி மனுஷியாகப் பற்றைக்காட்டை வெட்டி, வரம்பு போட்டு, உவர் ஏறாமல் மண்ணால் அணை கட்டி வயலாக்கிய இடம். தாயிடமிருந்து மகளுக்குக் காணி போவது அந்தப் பக்கத்து முறை, அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் கடதாசியில்தான் இருந்தது. அதிகாரிகள் ஊருக்கு வந்து காணிக்காரரின் பெயர்களைப் பதிந்த வருசம் குடும்பமே அகதி முகாமில் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் சுற்றியிருந்த காணிகளுக்கெல்லாம் பெர்மிட் இருந்தது. முனைக்காணி மட்டும் அரசாங்கக் காணி என்று கிடந்தது.

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல். மஞ்சள் நிற பிளாஸ்டிக் உறைக்குள் பழைய வரி ரசீது, கிராம அதிகாரியான விதானையின் கடிதம், சீதேவிப்பிள்ளையின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வருசத்துக்கு நாலு தரம் காணி அலுவல் பார்க்கிற கந்தோருக்குப் போவார். யாரும் அவரை விரட்டியதில்லை. இருக்கச் சொல்வார்கள், பார்ப்பார்கள், பிறகு வரச் சொல்வார்கள். இருபத்தைந்து வருசம் இப்படிப் போயிற்று. இரண்டு வருசத்துக்கு முன் யாரோ வந்து காணியின் ஓரத்தில் இலக்கம் போட்ட எல்லைக்கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கல்லைப் பார்த்த நாளிலிருந்து நல்லரத்தினத்துக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ணை மூடுமுன் அந்தக் காணி ஒரு கடதாசியில் தங்கள் பெயருக்கு ஏற வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

முனைக்காணியின் வரம்பால்தான் ஊர்ப் பெண்கள் வாவிக்குப் போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இறால் தடவிப் பிழைக்கிறவர்கள். வலை இல்லை, தோணி இல்லை. இடுப்பளவு தண்ணீரில் தலை மட்டும் தெரியக் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். அகப்பட்டதைக் கழுத்தில் தொங்கும் பறிக்கூடைக்குள் போடுவார்கள். தலையில் கறுத்த சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றியிருப்பார்கள். கரையில் நின்று பார்த்தால் அந்தத் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியாது. வழி தரும்படி அவர்கள் கேட்டதும் இல்லை, இவர் கொடுத்ததும் இல்லை. படலையைச் சாத்தாமல் போனால் மாடு உள்ளே வந்துவிடும் என்று ஏசுவார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்களில் சின்னவள் சுலோஜனா. போன வைகாசியில் அவளுடைய புருசன் உதயரூபன் டெங்குக் காய்ச்சலில் ஒரு கிழமைக்குள் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தது நாலாம் வகுப்பு. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். இலட்சுமிப்பிள்ளைக்கு அவள் தூரத்துச் சொந்தம். நல்லரத்தினத்தை மாமா என்று கூப்பிடுவாள்.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம், கொழும்பு இலக்கத் தகட்டோடு ஒரு டபுள் கெப் வாகனம் வந்து வாசலில் நின்றது. மூன்று பேர். இரண்டு பேர் தங்களுக்குள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் சந்திரமோகன், கட்டிட ஒப்பந்தக்காரர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதையிலேயே நல்லரத்தினம் பாதி விழுந்துவிட்டார்.

"உங்களைத்தான் தேடி வந்தோம் அண்ணன். கிளுவை எந்த நேரம் எங்க இறங்கும் என்று உங்களைக் கேட்டால் போதும் என்று சொன்னாங்க" என்றார் சந்திரமோகன்.

"ஆர் சொன்ன?"

"கேட்ட இடமெல்லாம் உங்க பேர்தான். வேற ரெண்டு இடத்துக்கும் போனோம். ஊர்க்காரங்க வழி விட மாட்டோம் என்று மறிச்சிட்டாங்க. வாவி அவங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி."

பெயர் பரவியிருக்கிறது என்று கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே எழுந்து அவர்களை முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளுவை எந்தப் பக்கத்தால் வரும், காற்று வாடையானால் எங்கே மாறும், எந்தப் புதருக்குப் பின்னால் ஆள் மறையலாம் என்று ஆறு வயதிலிருந்து படித்த படிப்பை எல்லாம் கொட்டினார். வாகனத்தின் பின்சீற்றில் உறையோடு நீளமாகக் கிடந்த மூன்று வேட்டைத் துவக்குகளை அவர் பார்க்காமல் இல்லை.

திரும்பி வரும்போது சந்திரமோகன் எல்லைக்கல்லில் கால் இடறி நின்றார். இது என்ன என்று கேட்டார். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்டார். மஞ்சள் உறை வெளியே வந்தது. சந்திரமோகன் ஒவ்வொரு கடதாசியையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். "என்னோட படிச்ச ஒருத்தர் மேலிடத்தில இருக்கிறார். இது ஒரு கையெழுத்து வேலை அண்ணன்" என்றார். அவர்கள் போன பிறகு இலட்சுமிப்பிள்ளை சொன்னாள்:

"பறவைக்கு வெடி வைக்கக் கூடாதெண்டு கந்தோரிலயே போர்ட் தொங்குது. இவங்கள எதுக்கு உள்ளுக்கு எடுக்கிறீங்க?"

"நாம சுடல்லயே."

"வழி காட்டுறது நீங்கதானே."

"இருபத்தஞ்சி வருசம் ஒருத்தன் நம்மட கடதாசியப் படம் எடுத்தானா? பேசாம இரிகா."

மூன்றாம் கிழமை சந்திரமோகன் போன் எடுத்தார். அரசாங்கத்தில் அந்தக் காணிக்குரிய கோப்பு இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நல்லரத்தினம் ஒரு பழைய கொப்பியில் அதை எழுதி, மஞ்சள் உறைக்குள் வைத்தார். அப்படி ஒரு இலக்கம் இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. அதே அழைப்பில்தான் அடுத்த பேச்சும் வந்தது.

"அந்தப் பொம்பிளையள் தண்ணிக்குள்ள போய் வாறதால கிளுவை கலைஞ்சு போகுது அண்ணன். அதோட, ஒரு வெடி பிசகிப் பட்டுதென்றால் யாருக்குக் கரைச்சல்? கொஞ்ச நாளைக்கு அந்த வழியை மூடுங்க. கம்பி நாங்க கொண்டு வாறோம்."

கம்பி வந்தது. ஒரு சுருள் முட்கம்பி, புதுப் பூட்டு ஒன்று. நல்லரத்தினம் தன் கையாலேயே கட்டை நட்டு, அணையிலிருந்து எல்லைக்கல் வரைக்கும் மூன்று வரிசை கம்பி இழுத்தார். இலட்சுமிப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும்.

"வாவி ஆருடைய காணியுமில்ல. அதுக்குப் போற வழிய மறிக்க நாம ஆரு?"

"ரெண்டு மாசம்கா. தை கழிஞ்சா கிளுவையும் போயிரும், அவங்களும் போயிருவாங்க. மறுகா படலையத் திறந்து விட்டாச் சரி."

"அம்மா இருந்திருந்தா உங்கட கைய வெட்டியிருப்பா."

அவர் அதற்குக் காது கொடுக்கவில்லை. மறுநாள் காலை பெண்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். சுலோஜனாதான் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, இதால போகேலாதெண்டா கண்ணாக் காட்டுக்குள்ளால சுத்தோணும். போகவே ஒரு மணித்தியாலம். அங்க சேறு இடுப்புக்கு வரும்."

"மாடு வந்து பயிர அழிக்குது புள்ள. அறுப்பு முடியட்டும்."

அவள் கம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மாட்டுக்கு இவ்வளவு கம்பி எதற்கு என்று கேட்கவில்லை. பறியைச் சரிபண்ணிக்கொண்டு, வாவியோரச் சதுப்பு மரங்கள் அடர்ந்த கண்ணாக் காட்டுப் பக்கம் நடந்தாள். அவள் சண்டை பிடித்திருந்தால் இவருக்கும் திருப்பி ஏசிவிட்டுச் சோறு தின்னலாமாக இருந்திருக்கும். அன்றைக்கு அதுவும் முடியவில்லை.

மார்கழி முழுக்க அவர்கள் வந்தார்கள். வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு திரும்புவார்கள். வெடிச் சத்தம் கேட்டால் ஊரில் நாய்கள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தன. சுட்டு விழுந்ததில் பாதியைத்தான் அவர்கள் எடுத்தார்கள். மிச்சம் இரண்டு நாள் கழித்துச் சிறகு ஊறிக் கரை ஒதுங்கியது. ஒரு தடவை தண்ணீரில் நின்ற பெண்களைச் சுற்றித் துவக்கின் ஈயச் சன்னம் பொலபொலவென்று விழுந்ததாம், மழை தொடங்குகிறது என்று நிமிர்ந்து பார்த்தார்களாம். அதற்குப் பிறகு பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் றோட்டில் எட்டிப் பார்ப்பார்கள். நல்லரத்தினத்தின் வாசலில் அந்த வாகனம் நின்றால் இறங்குவதில்லை. வாகனம் இல்லையென்றால் போவார்கள். கிழமையில் இரண்டு நாள் இப்படி அடுப்பெரியாமல் போனதை நல்லரத்தினத்திடம் ஒருவரும் சொல்லவில்லை. ஊர் அவரோடு பேசுவதையே குறைத்திருந்தது. நெல் வாங்க வருகிற முத்தலிப்தான் ஒரு நாள் தராசைத் தூக்கிப்பிடித்தபடி, "அண்ணே, வெளியூரானுக்கு வழி திறக்கிறது லேசி, மூடுறதுதான் கஷ்டம்" என்று சொன்னார். நல்லரத்தினம் தராசு முள்ளைப் பார்த்தார். அதற்குள் கொப்பியில் எழுதிய கோப்பு இலக்கம் அவருக்குப் பாடமாகிவிட்டிருந்தது.

தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது சந்திரமோகன் போன் எடுத்தார்.

"கையெழுத்துப் போடுற ஆளையே கூட்டிக்கொண்டு வாறேன் அண்ணன். கடைசிப் பயணம். நல்ல வேட்டையாக இருக்கணும். முந்தி மாதிரி ஆக்களைப் பார்த்துப் பார்த்துச் சுட ஏலாது. தண்ணியில ஒருத்தரும் இல்லாத நாள் ஒன்று சொல்லுங்க."

நல்லரத்தினம் யோசிக்கவே இல்லை. இந்த மண்ணைப் பற்றி ஒன்றைக் கேட்டு அவர் யோசித்ததே கிடையாது.

"பொங்கலண்டைக்கு வாங்க. விடியக்காலமை ஒரு ஆளும் தண்ணியில இறங்கா. எல்லாரும் வாசலில பானையோட நிப்பாங்க. அண்டைக்கு ஊரில மீன் மச்சம் தொட மாட்டாங்க."

"நிச்சயமா?"

"எழுதித் தாறன் ஐயா. நீங்க பதிஞ்சும் சுடலாம், நிமிந்தும் சுடலாம்."

இன்னொரு புத்தியும் சொன்னார். பொங்கலன்று எல்லா வீட்டு வாசலிலும் சனம் நிற்கும், வாகனத்தைக் கண்டால் நல்ல நாளில் உயிர்க் கொலை என்று பேச்சு வரும். அதனால் இருட்டோடு வந்து வாகனத்தை வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கொட்டிலுக்குள் விட்டுவிடும்படி சொன்னார். சந்திரமோகன் சிரித்து, "உங்களுக்கு எல்லாம் தெரியுது அண்ணன்" என்றார்.

பொங்கலன்று சொன்னபடியே வந்தார்கள். இந்த முறை நாலு பேர். புது ஆள் தடித்தவர், கம்பளித் தொப்பி போட்டிருந்தார், யாரோடும் பேசவில்லை. அவர் உண்மையிலேயே கையெழுத்துப் போடுகிற ஆள்தானா என்பது இன்றைக்கும் தெரியாது. நல்லரத்தினம் பூட்டைத் திறந்து அவர்களை முனைக்குள் விட்டார். குளித்து, திருநீறு பூசி, வேட்டி உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். இலட்சுமிப்பிள்ளை கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, பானையை ஏற்றியிருந்தாள். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது.

முதல் வெடி கேட்டபோது எங்கேயோ ஒரு வீட்டில் பானை பொங்கிவிட்டது. அங்கே வழக்கப்படி சீனவெடிப் பட்டாசு கொளுத்தினார்கள். இரண்டாவது வெடிக்குத் தெற்கே இன்னொரு வீட்டில் கொளுத்தினார்கள். வாவியிலிருந்து வருகிறது எது, ஊரிலிருந்து வருகிறது எது என்று பிரிக்க முடியவில்லை. நல்லரத்தினத்துக்கு அது நிம்மதியாக இருந்தது. ஊர் கண்டுபிடிக்காது.

இலட்சுமிப்பிள்ளை பானைக்குள் அரிசியைப் போட்டாள். நெருப்பைத் தள்ளிவிட்டபடி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பொங்கி இறக்கினதும் ஒரு சட்டியில போட்டுத் தாறன். சுலோஜனா வீட்ட குடுத்திட்டு வாங்க. அதுகளுக்கு இந்த வருசம் பொங்கல் இல்லையே."

நல்லரத்தினம் விறகை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

செத்த வீடு வருசம் திரும்பும்வரை பொங்காது. கோலம் இல்லை, பானை இல்லை, மச்சம் தொடாமல் இருக்கிற நல்லநாள் விலக்கும் இல்லை. ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். உதயரூபனின் பாடையை ஒரு பக்கம் தூக்கியவரே அவர்தான். அப்படியிருந்தும் நாள் குறித்துக் கொடுத்தபோது பொங்குகிற வீடுகளை மட்டும்தான் நினைத்தார். பொங்காத வீட்டுக்காரி அன்றைக்கு என்ன செய்வாள் என்று ஒரு நிமிசம் நினைக்கவில்லை. மற்றப் பெண்கள் ஒருவரும் இறங்காத நாளில் இறால் முழுக்க அவளுக்குத்தான். றோட்டில் எட்டிப் பார்த்திருப்பாள், வாகனம் இருந்திருக்காது. கண்ணாக் காட்டைச் சுற்றி வந்து, முனையின் மறுபக்கத்தால், புதருக்குள் இருந்தவர்களின் நேர் முன்னுக்குத்தான் வெளிப்படுவாள். வழியை மூடாமல் இருந்திருந்தால் இந்த வாசலால் போயிருப்பாள், அவர் கண்டிருப்பார். வெடி கேட்டாலும் அவள் ஓடமாட்டாள். பொங்கலுக்குக் கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைப்பாள்.

"எங்க ஓடுறீங்க? பானை பொங்கப்போகுது" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

அவர் வரம்பால் ஓடினார். வேட்டி அவிழ்ந்து சேற்றில் விழுந்ததும் அவருக்குத் தெரியாது. "சுடாதீங்க, சுடாதீங்க" என்று கத்தினார். வாழ்நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பறவை கலைத்த தொண்டை அது. கரையோரம் இருந்த கிளுவைக் கூட்டம் முழுவதும் அந்தச் சத்தத்துக்குச் சடசடவென்று எழும்பியது, தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில், வரிசையாக. எழும்பியதும் நாலு துவக்கும் ஒன்றாக வெடித்தன.

அவர் போய்ச் சேர்ந்தபோது சந்திரமோகனும் மற்றவர்களும் எதிரே ஓடி வந்தார்கள். தொப்பிக்காரரின் முகம் வெள்ளையாக இருந்தது. சந்திரமோகன் நல்லரத்தினத்தின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒருத்தரும் இல்லை என்று நீங்கதானே சொன்னீங்க?" என்றார். மரியாதை மட்டும் அப்போதும் குறையவில்லை. "நாங்க இங்க வரவே இல்லை அண்ணன். கேட்டால் இது உங்க காணி இல்லை, அரசாங்கக் காணி, யார் வந்தது என்று தெரியாது என்று சொல்லுங்க. நீங்க சொல்லாத வரைக்கும் உங்க கோப்பு என் கையில பத்திரம். ஒரு மாசத்தில பெர்மிட் வரும்."

கொட்டிலுக்குள் வாகனம் உறுமி, வாசல் கோலத்தின் மேலால் ஏறிப் போனது. நல்லரத்தினம் தண்ணீருக்குள் இறங்கினார். சுலோஜனா குந்தியபடியே இருந்தாள், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு. விரல்களுக்குள்ளால் இரத்தம் வழிந்தது. அவர் தொட்டதும், "ஆரு?" என்று கேட்டாள்.

"நான்தான் புள்ள. மாமா."

"மாமா, எனக்கு ஒண்டும் தெரியுதில்ல. பிள்ளையள் நித்திர. சொல்லாம வந்திட்டன்."

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நேரம் அவர் அழுதார். அழுவது தனக்குக் கேட்கும்படி சத்தமாக அழுதார். இலட்சுமிப்பிள்ளை பொங்கி வழிகிற பானையை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோவில் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முகத்திலும் கழுத்திலும் பத்தொன்பது சன்னம். வலக்கண் போய்விட்டது, இடக்கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் தமிழர், நடுத்தர வயது, நிதானமான மனிதர். முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இறால் தடவுகிற பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். சார்ஜன்ட் ஒரு கட்டையில் உட்கார்ந்து, மடியில் பெரிய புத்தகத்தை விரித்தார்.

"இந்தக் காணி யாருடையது?"

மத்தியானத்திலிருந்து சந்திரமோகன் இரண்டு தரம் போன் எடுத்திருந்தார். இரண்டு தரமும் கோப்பு இலக்கத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"அரசாங்கக் காணி ஐயா."

"வேலி?"

"தெரியா ஐயா. ஆரோ வந்து போட்டித்துப் போயித்தாங்க."

"யாராவது துவக்கோட வந்ததைக் கண்டீங்களா?"

"பொங்கல் வேலையில நிண்ட நான். சீனவெடிச் சத்தம் எண்டு நினைச்சன்."

சார்ஜன்ட் ஒவ்வொன்றாக எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க நல்லரத்தினத்துக்கு அது வேறு யாரோ ஒரு நல்ல மனிதனைப் பற்றிய கதைபோல இருந்தது. சார்ஜன்ட் பேனையை நீட்டினார். அவர் வாங்கினார்.

"அதை வெட்டுங்க ஐயா."

இலட்சுமிப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நின்றாள். பொங்கலுக்கு உடுத்த மஞ்சள் சீலையின் முன்பக்கம் கறுத்துக் காய்ந்திருந்தது. சத்தம் மிகவும் குறைந்திருந்தது.

"இது என்ர அம்மா காடு வெட்டின காணி. சீதேவிப்பிள்ளை. அவவுக்குப் பிறகு என்ர. வேலி போட்டது இவர்தான். பூட்டுத் திறப்பும் இவரிட்டத்தான் இரிக்கு. வந்தவங்களுக்கு நாள் குறிச்சிக் குடுத்ததும் இவர்தான். வந்தவன்ர பேர் சந்திரமோகன். அவன்ர நம்பர் போனில இரிக்கு."

சார்ஜன்ட் நல்லரத்தினத்தின் கையிலிருந்து பேனையைத் திரும்ப வாங்கினார்.

"அம்மா, இப்படிச் சொன்னால் உங்கட மனுசனைத்தான் முதலில கொண்டுபோக வேண்டி வரும். பெர்மிட் இல்லாத காணிக்கு வேலி போட்டதும் சேரும். காணியும் கிடைக்காமல் போகலாம்."

"தெரியும் ஐயா."

வேலிக்கு அப்பால் நின்ற பெண்களில் ஒருத்தி விம்மினாள். நல்லரத்தினம் மனைவியைப் பார்க்கவில்லை, அவளுடைய சீலையைத்தான் பார்த்தார். அவருடைய சட்டைப் பையில் போன் அதிரத் தொடங்கியது. அதை எடுத்து, மடியிலிருந்த பூட்டுச் சாவியையும் எடுத்து, இரண்டையும் சார்ஜன்டின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ சொல்றதுதான் ஐயா. எங்கட காணி."

சார்ஜன்ட் எழுதியதற்குக் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டுப் புதுப் பக்கம் புரட்டினார். எத்தனை ஏக்கர், எல்லை என்ன என்று கேட்டார். வடக்கும் கிழக்கும் வாவி, தெற்கே அணை, மேற்கே வண்டில் பாதை என்று நல்லரத்தினம் பாடமாகச் சொன்னார். காணிக்காரி இலட்சுமிப்பிள்ளை என்று சார்ஜன்ட் எழுதினார். இருபத்தைந்து வருசமாகக் கந்தோர் கந்தோராக அலைந்தும் ஒரு அரசாங்கக் கடதாசியிலும் ஏறாத முனைக்காணி, அன்றைக்கு ஏக்கரோடும் எல்லையோடும் பெயரோடும் ஏறியது. அதன் கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.